படிப்பு வேலையைச் சந்திக்கும் இடம்

1979ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசை இருவர் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் கரீபியக் கடலில் உள்ள செயின்ட் லூசியா தீவில் பிறந்த ஆர்தர் லூயிஸ். மற்றவர் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் பண்ணைக் குடும்பத்தில் பிறந்த தியோடர் சுல்ட்ஸ். ஏழை நாடுகள் எந்த வழியில் முன்னேறும் என்ற ஒரே கேள்விக்குத்தான் இருவரும் விடை தேடினார்கள். ஆனால் ஒருவர் தொடங்கிய இடத்தில் மற்றவர் தொடங்கவில்லை.

லூயிஸ் வேலையிலிருந்து தொடங்கினார். 1954ல் வெளிவந்த அவரது கட்டுரையின்படி, ஏழை நாடுகளின் வயல்களில் தேவைக்கு மேல் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் கிளம்பிப் போனாலும் விளைச்சல் குறையாது. நகரத்து ஆலைகள் ஏறக்குறைய அதே கூலிக்கு அவர்களை எடுத்துக்கொண்டே இருக்கலாம். ஆலையின் லாபம் புதிய ஆலைகளாகும்; உபரி ஆட்கள் தீர்ந்த பிறகு கூலி உயரத் தொடங்கும்.

சுல்ட்ஸ் இந்த உபரிக் கணக்கையே ஏற்கவில்லை. 1918-19ல் இன்ஃப்ளூயன்சா கொள்ளைநோய் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. கிராமங்களில் உண்மையிலேயே ஆட்கள் மிஞ்சியிருந்தால் அடுத்த ஆண்டு விதைத்த பரப்பு குறைந்திருக்கக் கூடாது. குறைந்தது என்று 1964ல் வெளியிட்ட நூலில் அவர் காட்டினார். (அந்தக் கணக்கை அமர்த்தியா சென் பின்னர் கேள்விக்கு உள்ளாக்கினார்.) ஏழை உழவர் தன் கையில் இருப்பதைக் கொண்டு செய்ய முடிந்ததைச் சரியாகவே செய்கிறார், அவருக்குக் கிடைக்காமல் போனவை கல்வியும் உடல்நலமும் புதிய நுட்பமும்தான் என்பது சுல்ட்ஸின் முடிவு. 1960ல் அமெரிக்கப் பொருளியல் சங்கத் தலைவராக அவர் ஆற்றிய உரைதான் மனித மூலதனம் என்ற கருத்தை ஆய்வுலகின் நடுவே கொண்டுவந்து வைத்தது.

பரிசு இருவரையும் ஒரே மேடையில் ஏற்றியது. ஆனால் அதற்குப் பிறகும் கல்வியை ஆராய்ந்தவர்கள் பள்ளிகளை எண்ணினார்கள், தொழிலாளர்களை ஆராய்ந்தவர்கள் வேலைகளை எண்ணினார்கள். இந்த அறுபதாண்டுச் சான்றுகளை ஒன்றாக வைத்துப் படிக்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது இதுதான்: படித்தவர்களின் எண்ணிக்கை மட்டுமே ஒரு நாட்டை வளர்த்துவிடுவதில்லை. அவர்கள் எந்த வேலையில் போய்ச் சேர்கிறார்கள், அந்த வேலை அவர்களுக்கு மேலும் என்ன கற்றுத்தருகிறது, வாசலிலேயே யார் நிறுத்தப்படுகிறார்கள் என்பதைப் பொறுத்தே வளர்ச்சி அமைகிறது.

தனியாளின் கணக்கு எளிது. கூடுதலாக ஓராண்டு படித்தவருக்குச் சராசரியாக ஒன்பது விழுக்காடு அளவில் வருமானம் கூடுகிறது என்பது உலக அளவில் பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்தவர்கள் கண்டது. அப்படியென்றால் ஒரு நாடே கூடுதலாகப் படித்தால் அந்த நாட்டின் வருமானமும் அதே அளவு கூட வேண்டும். கூடவில்லை. 2001ல் லான்ட் பிரிட்செட் வெளியிட்ட ஆய்வு இந்த முரணை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டது. 1960க்குப் பிறகு வளரும் நாடுகளில் பள்ளிக் கல்வி பெருகிய வேகத்துக்கும் உற்பத்தி வளர்ந்த வேகத்துக்கும் தொடர்பு காண முடியவில்லை என்றார் அவர். காரணங்களாக மூன்றைச் சொன்னார்: சில நாடுகளில் பள்ளி இருந்தது, கற்றல் இல்லை, சிலவற்றில் படித்தவர்களுக்கான தேவையே வளரவில்லை, வேறு சிலவற்றில் படித்தவர்கள் எதையும் உற்பத்தி செய்யாத, சலுகையும் அதிகாரமும் மட்டுமே தரும் பதவிகளில் போய் அடைந்தார்கள்.

முதல் காரணத்தை எரிக் ஹனுஷெக்கும் லுட்ஜர் வோஸ்மனும் பின்தொடர்ந்தார்கள். பள்ளியில் கழித்த ஆண்டுகளுக்குப் பதிலாகப் பன்னாட்டுத் தேர்வுகளில் மாணவர்கள் பெற்ற மதிப்பெண்ணை வைத்துப் பார்த்தால் வளர்ச்சியோடு வலுவான தொடர்பு தெரிகிறது என்று அவர்கள் காட்டினார்கள். நம் ஊருக்கு இது பழைய செய்தி. பிரதம் அமைப்பின் ‘ஏசர்’ ஆய்வு 2005 முதல் கிராமத்துப் பிள்ளைகளின் வீடுகளுக்கே போய் வாசிக்கச் சொல்லிப் பார்க்கிறது. 2018ல் இந்தியக் கிராமங்களின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது. இதைத் தெரிந்துகொண்டும், பள்ளியில் சேர்ந்தவர்களின் விழுக்காட்டைச் சாதனையாகப் படித்துக்காட்டும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. என்றாலும் தரம் என்ற ஒற்றைக் காரணத்தோடு நிறுத்திக்கொண்டால் மற்ற இரண்டும் கண்ணில் படாமல் போகும்.

இந்தோனேசியா இரண்டாவது காரணத்துக்கு நல்ல சான்று. எண்ணெய் விலை ஏறிய 1970களில், அந்த வருவாயைக் கொண்டு சுகார்த்தோ அரசு 1973க்கும் 1979க்கும் இடையில் 61,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளைக் கட்டியது. எஸ்தர் டுஃப்ளோ 2001ல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிகள் அதிகமாகக் கட்டப்பட்ட மாவட்டங்களில் அந்த வயதுப் பிள்ளைகள் கூடுதலாகப் படித்ததையும், வளர்ந்த பிறகு கூடுதலாகச் சம்பாதித்ததையும் அளந்து காட்டினார். இந்த ஆய்வு எங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. மூன்றாண்டு கழித்து அவரே எழுதிய அடுத்த ஆய்வை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. படித்த இளைஞர்கள் பெருகிய அதே மாவட்டங்களில், பள்ளித் திட்டத்தின் பயன் எட்டாத மூத்தவர்களின் கூலி குறைந்தது. ஆட்களின் திறன் உயர்ந்த வேகத்துக்கு ஆலைகளும் கருவிகளும் முதலீடும் வந்து சேரவில்லை. இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால்தான் கதை முழுமையாகிறது.

இன்னும் கடுமையான பாடம் நமக்கு அடுத்த தீவில் இருக்கிறது. இலங்கையில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது 1945ல் இலவசக் கல்வி வந்தது. பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை. கிராமப்புறங்களில் மத்திய மகா வித்தியாலயங்கள் எழுந்தன. எழுத்தறிவிலும் தாய்சேய் நலத்திலும் இலங்கை ஆசியாவின் முன்வரிசைக்கு வந்தது. அந்தச் சாதனையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் பொருளாதாரம் தேயிலை, ரப்பர், தேங்காய் என்ற மூன்று ஏற்றுமதிப் பயிர்களிலேயே நின்றது. பத்தும் பன்னிரண்டும் படித்து வந்த பிள்ளைகளுக்கு வயலும் தோட்டமும் வேண்டாம். வேண்டிய அலுவலக வேலை போதிய அளவில் இல்லை.

1971ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் குழு ஒன்று டட்லி சீர்ஸ் தலைமையில் இலங்கைக்கு வந்தது. படித்த இளைஞர்களின் எதிர்பார்ப்பும் நாட்டில் இருந்த வேலைகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதே அந்த அறிக்கையின் மையம். அதே ஆண்டு ஏப்ரலில் ஜே.வி.பி. என்ற இடதுசாரி இயக்கத்தின் கிளர்ச்சி வெடித்தது. அதில் இறங்கியவர்கள் பெரும்பாலும் பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துச் சிங்கள இளைஞர்கள். 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல் யாழ்ப்பாணத்து மாணவர்களின் வழியை அடைத்தது. படிப்பையே நிலமாகவும் சொத்தாகவும் கொண்டிருந்த ஒரு சமூகத்துக்கு அந்த அடி எவ்வளவு ஆழமானது என்பதை அடுத்து வந்த ஆண்டுகள் காட்டின. பின்னர் வந்த உள்நாட்டுப் போருக்குக் காரணங்கள் பல உண்டு. ஆனால் போதாத இடங்களுக்காகப் படித்த பிள்ளைகளை இன அடிப்படையில் மோதவிட்ட நிலைமையை அந்தக் காரணங்களிலிருந்து கழித்துவிட முடியாது.

அதே தீவின் மலையகத்தில் இதற்கு நேர் எதிரான நிலை. தோட்டத்தில் வேலை எப்போதும் இருந்தது, முறையான பள்ளிதான் இல்லை. 1948 குடியுரிமைச் சட்டம் அந்தத் தமிழ்த் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. தோட்டப் பள்ளிகளை அரசு ஏற்றது 1970களில்தான். நாட்டின் ஏற்றுமதி வருவாயைத் தங்கள் விரல்களால் கொய்து கொடுத்தவர்கள் இலவசக் கல்வியின் பயனை ஒரு தலைமுறை தாமதித்தே பெற்றார்கள். கொழுந்து பறிக்கும் வேலைக்குப் படிப்பு தேவையில்லை என்று முதலாளிகள் வைத்த கணக்கு அது. படிப்பு வந்தால் கொழுந்து பறிக்க ஆள் கிடைக்காது என்ற அச்சமும் அதில் இருந்தது.

பட்டதாரிகளின் நெருக்கடிக்கு இலங்கை அரசுகள் மாறி மாறிக் கொடுத்த மருந்து அரசுப் பணி. 2020ல்கூடச் சுமார் 50,000 பட்டதாரிகள் ஒரே திட்டத்தில் அரசுப் பணிக்கு எடுக்கப்பட்டார்கள். பிரிட்செட் சொன்ன மூன்றாவது காரணம் இதுதான். 2022ல் பொருளாதாரம் சரிந்தபோது அந்த ஓராண்டில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை தேடி நாட்டைவிட்டுப் போனார்கள்.

தென் கொரியாவை இதோடு ஒப்பிடாத ஆய்வாளர் இல்லை. 1950களின் இறுதியில் இரண்டு நாடுகளின் தலா வருமானத்திலும் பெரிய இடைவெளி இருக்கவில்லை. கொரியாவும் தொடக்கக் கல்வியை எல்லாருக்கும் கொண்டுபோனது. ஆனால் அங்கே 1960களில் துணி, சவுரி, காலணி என்று ஏற்றுமதித் தொழில்கள் எழுந்து, பள்ளி முடித்தவர்களை அப்படியே வாங்கிக்கொண்டன. தொழில் மேலேறியபோது படிப்பும் மேலேறியது. வெளிநாடு போன விஞ்ஞானிகளைத் திரும்ப அழைப்பதற்கென்றே 1966ல் ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கினார்கள். இதைப் புகழ்கிறவர்கள் சோன் தே-இல் என்ற பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சியோலின் தையல் கூடங்களில் துணி வெட்டும் தொழிலாளியாக இருந்த அந்த இளைஞர், இருக்கிற தொழிலாளர் சட்டத்தையாவது கடைப்பிடியுங்கள் என்று கேட்டு 1970 நவம்பரில் தீக்குளித்து இறந்தார். அவருக்கு வயது 22. கொரிய வளர்ச்சியின் விலையைப் பெரிய அளவில் கொடுத்தவர்கள் அந்தக் கூடங்களில் இருந்த இளம் பெண்கள்.

பள்ளிக்கு வெளியே உருவாகும் மனித மூலதனத்தை விளங்கிக்கொள்ள வங்கதேசத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. 1979ல் தேஷ் கார்மென்ட்ஸ் என்ற வங்கதேச நிறுவனம் கொரியாவின் தேவூ நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, 130 பேரை பூசான் நகரத்து ஆலைக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பியது. துணியை அடுக்கி வெட்டுவது, தையல் வரிசையைப் பிரிப்பது, தரம் பார்ப்பது, ஆர்டர் பிடிப்பது, வங்கிக் கடிதம் முடிப்பது என்று எல்லாவற்றையும் அவர்கள் கற்றுத் திரும்பினார்கள். சில ஆண்டுகளுக்குள் அந்த 130 பேரில் 115 பேர் தேஷை விட்டு விலகி, சொந்தமாக ஆலை தொடங்கினார்கள் அல்லது புதிய ஆலைகளை நடத்தப் போனார்கள். பயிற்சிக்குப் பணம் போட்ட நிறுவனத்துக்கு அது இழப்பு. நாட்டுக்கு அது ஒரு தொழில்துறையின் பிறப்பு. பொதுவான திறனுக்கு முதலாளி செலவழிக்கத் தயங்குவார், ஏனென்றால் ஆள் வேறிடம் போய்விடுவார் என்று கேரி பெக்கர் 1964லேயே எழுதியிருந்தார். தேஷின் கதை அவர் சொன்னதை மெய்ப்பிக்கிறது. அரசு ஏன் அந்தச் செலவில் பங்கு ஏற்க வேண்டும் என்பதற்கும் அதுவே காரணம்.

தையல் ஆலைகள் வந்ததும் சுற்றியுள்ள கிராமங்கள் மாறின. ஆலைகளுக்குப் பக்கத்தில் வளர்ந்த பெண்கள் தாமதமாகத் திருமணம் செய்துகொண்டார்கள், சிறுமிகள் கூடுதல் ஆண்டுகள் பள்ளியில் இருந்தார்கள் என்று ரேச்சல் ஹீத்தும் முஷ்ஃபிக் மொபாரக்கும் 2015ல் காட்டினார்கள். எண்ணும் எழுத்தும் தெரிந்தவருக்கு நல்ல கூலி உண்டு என்று தெரிந்ததும் பெற்றோரின் முடிவு மாறியது. அதே துறைதான் 2013 ஏப்ரலில் ராணா பிளாசா கட்டடத்தில் 1,100க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சாகவிட்டது. சுவரில் விரிசல் கண்டு உள்ளே போகத் தயங்கியவர்களை, சம்பளம் போய்விடும் என்ற அச்சம் உள்ளே அனுப்பியது. தொழிற்சங்கம் இல்லாத இடத்தில் தொழிலாளியின் அறிவு அவர் உயிரைக்கூடக் காக்கவில்லை.

வேலை படிப்பை இழுத்துவரும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்றுகள் உண்டு. பசுமைப் புரட்சி வந்த மாவட்டங்களில், புதிய விதையையும் உரத்தையும் சரியாகக் கையாளத் தெரிந்த படித்த உழவருக்கு லாபம் கூடியது; பள்ளிப் படிப்பின் மதிப்பும் கூடியது. இது ஆண்ட்ரூ ஃபாஸ்டரும் மார்க் ரோசன்ஸ்வைக்கும் 1996ல் கண்டது. ராபர்ட் ஜென்சன் டெல்லியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குக் கால்சென்டர் வேலைக்கு ஆளெடுப்பவர்களை மூன்று ஆண்டுகள் அனுப்பிப் பார்த்தார். அந்தக் கிராமங்களில் இளம் பெண்களின் திருமணம் தள்ளிப்போனது. சிறுமிகளின் பள்ளிப்படிப்போடு அவர்களின் உடல் எடையும் மேம்பட்டது. மகளின் தட்டில் வைக்கும் சோற்றின் அளவைக்கூட, தொலைவில் உள்ள ஒரு வேலைவாய்ப்புச் செய்தி மாற்றியிருக்கிறது. எத்தனை விழிப்புணர்வுப் பேரணிகளால் இது முடிந்திருக்கும்?

ஆனால் எந்த வேலையும் படிப்பை வளர்க்கும் என்று நினைத்தால் மெக்சிகோ நம்மைத் திருத்தும். 1986 முதல் 2000 வரை அங்கே ஏற்றுமதி ஆலைகள் பெருகின. ஒவ்வொரு 25 புதிய வேலைக்கும் ஒரு மாணவர் பன்னிரண்டாம் வகுப்பு வரை போகாமல் ஒன்பதாம் வகுப்போடு நின்றார் என்று டேவிட் அட்கின் கணக்கிட்டார். படிப்பு கேட்காத வேலை வாசலில் வந்து நின்றால் பதினாறு வயதுப் பிள்ளை பள்ளியை விட்டுப் போகும். வந்த ஆலைகளை எண்ணினால் போதாது. அவை எந்தப் படிப்பைக் கேட்கின்றன என்றும் பார்க்க வேண்டும்.

வாசலில் நிற்பவர் யார் என்பதும் கேள்விதான். மும்பை தாதர் பகுதியில் கைவன் முன்ஷியும் ரோசன்ஸ்வைக்கும் செய்த ஆய்வு எனக்கு இந்தத் துறையிலேயே மிக முக்கியமானதாகப் படுகிறது. 1990களில் ஆங்கிலவழிக் கல்விக்கு நல்ல சம்பளம் கிடைக்கத் தொடங்கியது. ஆனாலும் ஆலை வேலைக்கு உறவினர் வழியே ஆள்சேர்ப்பு நடந்த சாதிகளின் ஆண் பிள்ளைகள் தொடர்ந்து மராத்திவழிப் பள்ளிக்கே போனார்கள். அண்ணனும் மாமனும் இருக்கும் வேலை அவர்களுக்குக் காத்திருந்தது. அதே குடும்பங்களின் பெண் பிள்ளைகளுக்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லாததால் அவர்கள் ஆங்கிலவழிக்கு மாறினார்கள். ஒரு காலத்தில் ஏழைகளைத் தாங்கிப் பிடித்த சாதி வலை, காலம் மாறியபோது பிள்ளைகளைப் பழைய வேலையிலேயே கட்டிப்போட்டது. இன்னொரு பக்கம், சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அழைப்பு குறைவாக வந்தது. படிப்பு சமமாக இருந்தும் பெயர் வாசலை மூடுகிறது என்றால், அந்தப் பட்டத்துக்கு அரசும் குடும்பமும் செலவழித்தது பொருளாதாரத்துக்குள் வந்து சேரவே இல்லை.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 1956ல் காமராசர் ஆட்சியில் தொடங்கி, 1982ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய மதிய உணவு, பசித்த பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது. 1980களின் நடுவிலிருந்து சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகி 500ஐத் தாண்டின. 2019-20 கணக்குப்படி இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு 43 பேர் தமிழ்நாட்டில் இருந்தார்கள். வேறெந்த மாநிலமும் அருகில்கூட இல்லை. படிப்பும் வேலையும் சந்தித்த இடமாகவே நான் இதைப் பார்க்கிறேன். அதே நேரம் கொங்கு மண்டலத்து நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில், மூன்றாண்டு முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி ஏழை வீட்டுச் சிறுமிகளை விடுதிக்குள் அடைத்து வேலை வாங்கியதும் இங்கேதான். அந்த மூன்றாண்டில் பள்ளியும் போனது. வேறு ஆலைக்கு மாறும் உரிமையும் போனது.

மேலே படித்தவர்களின் நிலை வேறு வகையில் கவலை தருகிறது. 2024ல் வெளிவந்த இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022ல் நாட்டின் இளம் பட்டதாரிகளில் வேலையின்மை 29.1 விழுக்காடு, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் 3.4 விழுக்காடு. வேலையில்லாமல் இருக்க ஏழைக்கு வசதி இல்லை என்பது இதில் ஒரு பகுதி. மீதி, காத்திருப்பு. டிஎன்பிஎஸ்சி 2022ல் நடத்திய குரூப் 4 தேர்வில், முதலில் அறிவித்த 7,301 இடங்களுக்குச் சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். பத்தாம் வகுப்பு போதும் என்ற தேர்வுக்குப் பொறியியல் படித்தவர்களும் கோச்சிங் சென்டரில் வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்பது அநியாயம். அரசு வேலைக்கும் அதற்கு அடுத்த வேலைக்கும் இடையில் சம்பளத்திலும் பாதுகாப்பிலும் இவ்வளவு பெரிய பள்ளம் இருக்கும்போது, காத்திருப்பதே கணக்குப்படி சரியான முடிவாகிறது. கென்யாவின் நகரங்களைப் பார்த்து ஜான் ஹாரிஸும் மைக்கேல் டொடாரோவும் 1970ல் எழுதியதும் இதுவே: நல்ல சம்பளமுள்ள சில வேலைகளுக்கான நம்பிக்கை ஒரு பெருங்கூட்டத்தை வேலையின்றி நகரத்தில் நிறுத்திவைக்கும்.

அந்த அடுத்த வேலை ஏன் இவ்வளவு மோசமாக இருக்கிறது? இந்தியத் தொழிலாளர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் முறைசாரா வேலையில் இருக்கிறார்கள். பணக்கார நாட்டில் ஒருவருக்கு அனுபவம் கூடக் கூடச் சம்பளம் உயரும் வேகம், ஏழை நாட்டில் இருப்பதைவிட மிக அதிகம் என்று டேவிட் லகாகோஸும் அவரது சகாக்களும் 2018ல் பல நாடுகளின் தரவுகளைக் கொண்டு காட்டினார்கள். நம் ஊரில் இருபது வருடம் ஒரே லேத்தில் நின்றவருக்கும் நேற்றுச் சேர்ந்தவருக்கும் காண்ட்ராக்டர் கொடுக்கும் கூலியில் பெரிய வித்தியாசம் இல்லை என்பது அதன் பொருள். பட்டறை சிறியது, ஆர்டர் நிலையில்லை, ஆள் நிரந்தரமில்லை. யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்கக் காரணம் இல்லை. தொழிலாளர் சட்டங்களின் கடுமைதான் பதிவுபெற்ற தொழிற்சாலைகளை வளரவிடாமல் தடுக்கிறது என்று டிமதி பெஸ்லியும் ராபின் பர்ஜெஸும் 2004ல் வாதிட்டார்கள். அவர்கள் மாநிலங்களை வகைப்படுத்திய முறையே தவறு என்று ஆதித்ய பட்டாச்சார்ஜியா மறுத்தார். எனக்கு மறுப்பே வலுவாகத் தெரிகிறது. சட்டம் எட்டாத முறைசாராத் துறைதான் பத்தில் ஒன்பது பங்கு என்னும்போது, சட்டத்தைத் தளர்த்தினால் திறன் வளரும் என்பதற்குச் சான்று எங்கே?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி இப்போது வேறொரு வடிவம் எடுத்திருக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டின் குழந்தைப்பேறு விகிதம் 1.8, பீகாருடையது 3. திருப்பூர் பனியன் கம்பெனிகளும் கோவை ஃபவுண்டரிகளும் சென்னைக் கட்டுமானங்களும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்களை நம்பி ஓடுகின்றன. அவர்களை வளர்த்த செலவு அந்த மாநிலங்களுடையது. இப்போது பலர் குடும்பத்தோடு வருகிறார்கள். தமிழ் தெரியாத பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் சேர்கிறார்கள், பெற்றோரின் வேலை மாறும்போது பாதியில் நின்றும் போகிறார்கள். அந்தப் பிள்ளைகளை ஆண்டின் நடுவிலும் சேர்த்துக்கொள்ளும் பள்ளி, முதல் ஆறு மாதத்துக்காவது அவர்கள் மொழி அறிந்த ஒரு துணை ஆசிரியர், பெற்றோருக்குக் காண்ட்ராக்டரின் கையைத் தாண்டி நேராக வரும் சம்பளம், ஈ.எஸ்.ஐ. அட்டை — இவை மாநில அரசும் தொழில் அமைப்புகளும் சேர்ந்து இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கக்கூடியவை. இன்னொரு ஆய்வுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.